பாடத்துக்குப் போகாத வெள்ளிக்கிழமை

அந்த வருஷம் கோடை முழுக்க மழையே இல்லை. கார்வெல் ஊருக்குத் தெற்கே, கைவிடப்பட்ட சரளைக் குழியில் எத்தனையோ வருஷமாகத் தேங்கிக் கிடந்த தண்ணீர், செப்டம்பர் கடைசியில் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டது. மாடுகளுக்குத் தண்ணீர் தேடிப் போன ஒருவர் குழியின் நடுவில் ஒரு காரின் கூரை தெரிவதைப் பார்த்துவிட்டுப் போலீஸுக்குச் சொன்னார். கிரேன் கொண்டுவந்து தூக்கினார்கள். மங்கிப்போன நீல நிறச் சின்ன கார். உள்ளே முழுக்கச் சேறு. பின் இருக்கையில், மட்கிய கம்பளத்துக்குள், எலும்புகள்.

சார்லீன் பாசராபாவுக்கு இந்தச் செய்தி கோ-ஆப் கடையில், பால் வாங்க வரிசையில் நின்றபோது கிடைத்தது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மிஸ் ஹால்வர்சனாகத்தான் இருக்கும் என்றாள் ஒருத்தி. இனிமேலாவது அந்த ஓரெஸ்டைப் பிடித்து உள்ளே போடுவார்களா என்றாள் மற்றவள். சார்லீன் பாலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். காரின் கதவைத் திறக்கச் சாவியைப் போட்டால் சாவி துவாரத்துக்குள் போக மறுத்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது பஸ்ஸின் சாவி என்று தெரிந்தது.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். கணவன் டேல் பிரிந்துபோய் வெகுகாலமாகிறது. அம்மா இறந்து நாலு வருஷம். ஊரில் அவளைப் பற்றிக் கெட்ட பேச்சு எதுவும் இல்லை. சொல்லப்போனால் நல்ல பேச்சுதான். ஒன்பது வயதிலேயே போலீஸிடம் பயப்படாமல் பார்த்ததைச் சொன்ன பெண் என்று இன்றைக்கும் யாராவது சொல்வார்கள். அதைக் கேட்கிறபோதெல்லாம் அவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

ஏனென்றால் அவள் எதையும் பார்க்கவில்லை.

மிஸ் ஐவி ஹால்வர்சன் பள்ளியில் இசை ஆசிரியை. வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுத் தருவாள். வெள்ளிக்கிழமை மூன்றரையிலிருந்து நாலேகால் வரை சார்லீனின் முறை. 1986 அக்டோபரில் அந்த வெள்ளிக்கிழமை, சார்லீன் இரண்டு வாரமாகப் பயிற்சியே செய்திருக்கவில்லை. மிஸ் ஹால்வர்சன் திட்டமாட்டாள், வருத்தமாகப் பார்ப்பாள். அது இன்னும் மோசம். அதனால் சார்லீன் பாடத்துக்குப் போகாமல் தானியக் கிடங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, சூரியகாந்தி விதை கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணினாள். நாலே இருபதுக்கு வீட்டுக்குப் போனாள். அம்மா சர்ச் விருந்துக்காகப் பூசணி வைத்துச் சுட்ட பலகாரங்களைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். பாடம் எப்படிப் போச்சு என்று கேட்டாள். நல்லாப் போச்சு என்றாள் சார்லீன். அவ்வளவுதான் அந்தப் பொய்.

அன்று ஐந்து மணிக்குச் சர்ச் ஹாலில் பியானோ வாசிக்க வேண்டிய மிஸ் ஹால்வர்சன் வரவில்லை. போய்க் கதவைத் தட்டியவர்களுக்குப் பதில் இல்லை. மறுநாள் காலையில் பார்த்தால் அவளும் இல்லை, காரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அவர் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டு, கடைசியாக அவளைப் பார்த்தது எங்கள் பெண்தான், நாலேகால் வரை அங்கேதான் இருந்தாள் என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல சார்லீனால் முடியவில்லை. வெளியே வரும்போது வாசலில் பச்சை பிக்கப் வண்டி ஏதாவது நின்றதா என்று போலீஸ்காரர் கேட்டார். முதலில் தெரியாது என்றாள். அவர் மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை அவள் தலையாட்டினாள்.

பச்சை பிக்கப் ஓரெஸ்ட் மாலின்ஸ்கியுடையது. அந்த வாரம் அவன் மிஸ் ஹால்வர்சன் வீட்டுப் படிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது நாள் வைத்து விசாரித்தார்கள். பிணம் இல்லை, சாட்சி ஒரு சிறுமி. வழக்குப் போட முடியாமல் விட்டுவிட்டார்கள். ஊர் விடவில்லை. யாரும் அவனுக்கு வேலை கொடுக்கவில்லை. நிச்சயம் செய்திருந்த பெண் மோதிரத்தைத் தபாலில் அனுப்பிவிட்டாள். நாலு மைல் வெளியே அப்பா விட்டுப்போன நிலத்தில் அவன் தனியாக இருந்தான். சார்லீனின் பஸ் தினமும் இரண்டு தடவை அவன் வீட்டுக்குப் போகும் சந்தின் முனையைக் கடந்து போகும். பிள்ளைகள் ஜன்னலோரம் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். கொலைகாரன் வீட்டைத் தாண்டும்வரை மூச்சு விட்டால் செத்துப்போவார்களாம்.

செய்தி வந்த மூன்றாம் நாள் தொலைபேசி அழைப்பு வந்தது. பழைய வழக்குகளைத் திரும்ப எடுக்கிற பிரிவிலிருந்து பேசுகிறேன், பெயர் நடீன் லாரோக் என்றாள் ஒரு பெண். திங்கட்கிழமை மாலை வந்து பார்க்கலாமா என்று கேட்டாள். சார்லீன் சரி என்று சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் நின்றாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பழையதையே சொல்லிவிட்டால் எல்லாம் பழையபடி இருக்கும் என்று ஒரு மணி நேரம் தோன்றும். அடுத்த மணி நேரம், அந்தப் பெண் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றும். பொய்ச் சாட்சிக்கு எத்தனை வருஷம் தண்டனை என்று நூலகத்துக் கம்ப்யூட்டரில் தேடப் போய், பின்னால் யாரோ இருமியதும் எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பஸ் கொட்டகையில் டயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது லைல் டொலெஃப்சன் வந்தார். அறுபத்தெட்டு வயது. மெயின் தெருவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறார். இரண்டு தடவை ஊர் மேயராக இருந்தார். டேல் விட்டுப்போனபோது இந்த வேலைக்கு அவள் பெயரைச் சொன்னதும் அவர்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பெட்டி நிறைய மாண்டரின் ஆரஞ்சு அவள் வாசலில் இருக்கும். கையில் இரண்டு காபியுடன் வந்தவர், ஒன்றை அவளிடம் நீட்டினார்.

போலீஸ் வரப்போகிறதாமே என்று கேட்டார். இன்றைக்குத்தான் என்றாள். அவர் பஸ்ஸின் மூக்கைத் தடவிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"அன்னிக்கு சொன்னதையே சொல்லிடு சார்லி. அதான் உனக்கு நல்லது. இத்தன வருஷம் கழிச்சு, நான் அன்னிக்கு கிளாஸுக்கே போகலன்னு நீ போய் நின்னேன்னு வையி, ஊரு என்ன பேசும்? ஒரு பஸ் பிள்ளைங்கள நம்பி உங்கிட்ட குடுத்திருக்கோம்."

அவளுக்குக் காதுவரை சூடேறியது. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறதே, இத்தனை நாள் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறாரே என்று அவளுக்கு முதலில் ஒரு நன்றிகூட வந்தது.

மாலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வடக்குச் சாலையில் போய்க்கொண்டிருந்தாள். வறண்ட வயல்களிலிருந்து மண் எழுந்து கண்ணாடியில் அடித்தது. அம்மாதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். அப்புறம், அம்மாவுக்கே தெரியாதே என்று நினைத்தாள். சாகும்வரை அம்மா தன் பெண் பாடத்துக்குப் போனதாகத்தான் நம்பினாள். டேலிடம் சொன்னதில்லை. பாதிரியாரிடம் சொன்னதில்லை. குடித்திருந்தபோதும் யாரிடமும் உளறியதில்லை. இந்த உலகத்தில் அதை அவள் ஒரு ஆளிடம்கூடச் சொன்னதில்லை. அப்படியென்றால் அவள் வரவில்லை என்பது யாருக்குத் தெரிந்திருக்க முடியும்? அன்று மூன்றரை மணிக்கு அந்த வீட்டுக்குள் இருந்து, அவள் வருகிறாளா என்று பார்த்தவருக்கு மட்டும்.

"சார்லீன், எங்க வீடு போயிடுச்சு," என்றது பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

முக்கால் மைல் தாண்டியிருந்தது. அவள் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினாள். கியரை மாற்ற முடியவில்லை. கண்ணாடியில் பதினேழு முகங்கள் அவளையே பார்த்தன. ஒன்றுமில்லை, தூசி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொல்லி, வண்டியைத் திருப்பி, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வாசலில் இறக்கிவிட்டாள். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை வேறு எதையும் நினைக்கக்கூடாது என்று மனதுக்குள் அதையே சொல்லிக்கொண்டு ஓட்டினாள்.

அவள் வீடு போய்ச் சேர்ந்தபோது நடீன் லாரோக் வாசலில் காத்திருந்தாள். ஐம்பதை நெருங்கும் மெலிந்த பெண். காலில் சேறு படிந்த பூட்ஸ். சமையலறை மேசையில் உட்கார்ந்ததும் ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினாள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம். மிஸ் ஹால்வர்சனின் கையெழுத்து. ஒவ்வொரு மாணவர் வந்தபோதும் என்ன வாசித்தார்கள் என்று அவள் எழுதி வைப்பாளாம். சார்லீனுக்கான பக்கத்தில் அந்த வெள்ளிக்கிழமைத் தேதி மட்டும் இருந்தது. தேதிக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

"இது முப்பத்தேழு வருஷமா எங்க ஸ்டேஷன் பெட்டிக்குள்ளயே இருந்துச்சு," என்றாள் நடீன். "யாரும் புரட்டிப் பாக்கல. நான் உங்கள மிரட்ட வரலங்க. ஒம்பது வயசுப் பிள்ளைமேல கேஸ் போட சட்டத்துல இடமே இல்ல. அன்னிக்கு நீங்க போனீங்களா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

சார்லீன் போகவில்லை என்றாள். சொல்ல இத்தனை வருஷம் ஆன வார்த்தை, சொன்னபோது தொண்டையில் எங்கேயும் இடறவில்லை. அதன் பிறகுதான் அழுகை வந்தது. நடீன் காகிதக் கைக்குட்டையை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பச்சை பிக்கப்பும் பொய் என்று சார்லீன் சொன்னாள். காலையில் லைல் வந்ததைச் சொன்னாள். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

நடீன் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். லைல் பெயர் பழைய கோப்பில் இருக்கிறது என்றாள். கல்யாணமான ஆள், அவருடைய வண்டி அடிக்கடி அந்த வீட்டுப் பின்பக்கம் நின்றதாக யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் பத்து நிமிஷத்தில் அவரை விட்டுவிட்டார்கள். நாலு மணியிலிருந்து அவர் சர்ச் ஹாலில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நாற்பது பேர் எதிரில் வான்கோழி வெட்டிக்கொண்டிருந்தார். மிஸ் ஹால்வர்சனோ நாலேகால் வரை ஒரு சிறுமிக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எப்படி அவராக இருக்க முடியும்?

"அவரக் காப்பாத்துனதே நான்தான்," என்றாள் சார்லீன்.

நடீன் அதை மறுக்கவில்லை. காரும் எலும்பும் மட்டும் போதாது, நோட்டுப் பக்கமும் போதாது, அவர் வாயிலிருந்து வர வேண்டும், பதிவு செய்யும் கருவியோடு நீங்கள் போய்ப் பேச முடியுமா என்று கேட்டாள். விருப்பமில்லையென்றால் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னாள். சார்லீன் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்ட பிறகு மூன்று நாள், நீதிபதியின் அனுமதி வரும்வரை, வீட்டுக் கதவுகளுக்கு நாற்காலி முட்டுக்கொடுத்து வைத்தாள். காலையும் மாலையும் பஸ்ஸில் லைலின் ஆபீஸைக் கடந்தபோது அவர் ஜன்னலிலிருந்து கையசைத்தார். அவளும் அசைத்தாள்.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவள் அந்த ஆபீஸுக்குள் நுழைந்தாள். சட்டைக்குள் ஒட்டியிருந்த கருவி மூச்சுவிடும்போதெல்லாம் தோலை இழுத்தது. இரண்டு கட்டடம் தள்ளி பிளம்பர் பெயர் எழுதிய ஒரு வேனில் நடீன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். லைல் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார், உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. போலீஸ்காரியிடம் மறுபடி நேரம் கேட்டிருக்கிறேன், உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றாள்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னல் திரையை இறக்கினார். தெரு மறைந்தது. அவள் முதுகு சுவரில் பட்டது.

"எந்த உண்மைய?"

"நான் அன்னிக்குப் போகலங்கிறத. உங்களுக்குத்தான் அது தெரியுமே லைல். எப்படித் தெரியும்?"

அவர் திரும்பி வந்து மேசை விளிம்பில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. வெகுநாள் தூக்கிக்கொண்டு நடந்த எதையோ இறக்கி வைக்க இடம் கிடைத்தவர் மாதிரி இருந்தது அவர் முகம். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"மூணரைக்கு நான் கதவுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன்," என்றார். "அவ கீழ கெடந்தா. என் பொண்டாட்டி ஜாய்ஸ்கிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன்னா. தள்ளினேன், பியானோ முனையில தலை பட்டுடுச்சு. மேசையில நோட்டு தெறந்து கெடந்துச்சு, உன் பேரு போட்டு. நீ இப்ப வருவ, மணி அடிப்பன்னு காத்திருந்தேன். பத்து நிமிஷம். நீ வரல."

"வந்திருந்தா?"

"தெரியாது சார்லி. இத்தன வருஷமா அதத்தான் யோசிக்கிறேன். அதனாலதான் உன்ன நல்லாப் பாத்துக்கிட்டேன்."

"இந்த வேலையும் அதுக்குத்தானா?"

"அதுவுந்தான்."

விருந்து முடிந்து ஊர் அடங்கிய பிறகு காரை எடுத்துப் போனதையும், விடிவதற்குள் நடந்தே திரும்பியதையும் அவர் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச் வாசலில், பாசராபா வீட்டுப் பெண் நாலேகால் வரை அங்கே இருந்தாளாம் என்று யாரோ சொன்னபோது, கடவுள்தான் அனுப்பினார் என்று நினைத்தாராம். பிறகு எழுந்து, இனிமேல் என்ன செய்யலாம் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம் என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தார். அவள் கதவின் கைப்பிடியைத் தேடினாள். அவள் கைக்கு அது அகப்படுவதற்குள் வெளியிலிருந்து கதவு திறந்தது. நடீன் நின்றிருந்தாள், பின்னால் இரண்டு பேர். லைல் கோட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டார்.

சார்லீன் நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

அடுத்த நாள் நடீன் ஓரெஸ்டிடம் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு மறுநாள் சார்லீன் போனாள். தினமும் கடந்துபோன சந்துக்குள் அவள் திரும்பியது அதுதான் முதல் தடவை. அவன் கொட்டகைக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பீட்ரூட்டிலிருந்து மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பெரிய உடம்பு, இப்போது தளர்ந்து தொங்கியது. யார் என்று கேட்கவில்லை. அவள் வழியெல்லாம் தயார் செய்து வந்ததைச் சொன்னாள். பாதியிலேயே வார்த்தை தீர்ந்துவிட்டது.

"அப்ப உனக்கு ஒம்பது வயசா?" என்றான்.

"ஆமா."

"எனக்கு நாப்பத்திரெண்டு."

இன்னொரு பீட்ரூட்டை எடுத்தான். அவள் மன்னிப்புக் கேட்டாள். அவன் கத்தியால் இலையை வெட்டி ஓரமாகப் போட்டான்.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? நான் செய்யலன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய் சொல்லு."

கோபமாகச் சொன்னானா, சலிப்பாகச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் பீட்ரூட்டுகளை அள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் போனான்.

செவ்வாய்க்கிழமை ஊராட்சிக் கூட்டம். வழக்கமாக ஆறேழு பேர் வருவார்கள். லைல் விஷயம் பரவியிருந்ததால் அன்று நாற்காலி போதவில்லை. சார்லீன் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தாள். அதைக் கடைசிவரை படித்தாள். பச்சை பிக்கப் எதுவும் நிற்கவில்லை, ஓரெஸ்ட் மாலின்ஸ்கிமேல் வந்த பழி தன் வாயிலிருந்து வந்தது என்று படித்தாள். முன்வரிசையில் இருந்த, அம்மாவின் சிநேகிதி ஒருத்தி எழுந்து, நீ குழந்தைதானேம்மா, உன்மேல் என்ன தப்பு என்றாள்.

"அந்த வருஷம் குழந்த," என்றாள் சார்லீன். "பதினெட்டுல நான் குழந்த இல்ல. முப்பதுல இல்ல. போன மாசம்கூட பஸ்ஸுல பிள்ளைங்க அவர கொலைகாரன்னு சொன்னப்ப சும்மாதான் ஓட்டிட்டிருந்தேன்."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் ஓரெஸ்டுக்கு வேலை மறுத்தவர்கள். அவர்கள் அவளைப் பார்க்காமல் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

மூன்று குடும்பங்கள் பிள்ளைகளைப் பஸ்ஸில் அனுப்புவதை நிறுத்தின. பள்ளி நிர்வாகம் இரண்டு வாரம் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, பிறகு கூப்பிட்டுக்கொண்டது. வேறு ஓட்டுநர் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம் என்று அவளுக்குத் தெரியும். லைல் குற்றத்தை ஒப்புக்கொண்டதால் விசாரணை நீளவில்லை. மிஸ் ஹால்வர்சனின் தம்பி பக்கத்து மாகாணமான மேனிட்டோபாவிலிருந்து வந்து எலும்புகளை வாங்கிப் போனார். போவதற்கு முன் சார்லீனுக்கு ஒரு வரி எழுதினார், இப்போதாவது சொன்னதற்கு நன்றி என்று. 'இப்போதாவது' என்ற வார்த்தையை அவள் பல தடவை படித்தாள்.

ஓரெஸ்டுக்கு ஊரிலிருந்து சிலர் பலகாரமும் சூப்பும் கொண்டுபோனார்கள். அவன் கதவைத் திறந்து வாங்கிக்கொண்டானாம், உள்ளே கூப்பிடவில்லையாம். வசந்தத்தில் நிலத்தை விற்றுவிட்டு யார்க்டன் நகரத்தில் அக்கா மகள் வீட்டுக்குப் போய்விட்டான். அதைச் சார்லீன் தபால் அலுவலகத்தில்தான் தெரிந்துகொண்டாள். முகவரி இருக்கிறது, வேண்டுமா என்று கேட்டாள் அங்கே இருந்தவள். சார்லீன் கொஞ்சம் யோசித்தாள். அவர் தரச் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை என்றாள் அவள். அப்படியென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வெளியே வந்தாள்.